அருஞ்சொற் பட்டியலும் யோர்தான் துறையும்

பேட்டையில் நான் நடத்திவந்த கோடை வகுப்பின் நிறைவு நாளில் ‘ஆங்கில அருஞ்சொற் போட்டி’ ஒன்று வைப்பது வழக்கம். முந்நூறு சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் ஒரே ஒரு பொருள், ஒளிப்படி எடுத்துத் தைத்த ஒரு சிறு கையேடு. நாளொன்றுக்குப் பத்துச் சொல்லாக மனனம் செய்து, முப்பதாம் நாள் மேடையேறி ஒப்பிக்க வேண்டும். பெற்றோர் முன்வரிசையில் அமர்ந்து மகிழ்ந்து கேட்பர். கையேட்டைத் தொகுத்தவன் நான். நடுவராக அமர்ந்தவனும் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கில ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு அது பெருமையாகவும் இருந்தது. ஆகவே இக்கட்டுரையில் நான் எறியும் கல் முதலில் என் வீட்டுக் கூரையில்தான் விழும் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறேன்.

சென்ற ஆண்டுப் போட்டியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் முந்நூறு சொற்களையும் பிழையின்றி ஒப்பித்தான். ‘மேக்னானிமஸ்’ என்பதற்குப் ‘பெருந்தன்மையுள்ள’ என்று அவன் சொன்னதும், ஏதோ தோன்றி, “உனக்குத் தெரிந்தவர்களில் அப்படிப்பட்டவர் யாரப்பா?” என்று கேட்டேன். சற்றே திகைத்தவன், “அது லிஸ்ட்ல இல்லையே சார்” என்றான். அவை சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்து வந்தவள் எட்டாம் வகுப்புச் சிறுமி. கணீரென்ற குரல். இருநூற்றுச் சொச்சமாவது சொல்லாக அவள் வாயில் வந்தது ‘பரையா’. அதற்கு நான் கையேட்டில் எழுதியிருந்த பொருள், ‘சமூகத்தால் ஒதுக்கப்பட்டவன்’. சொல்லையும் பொருளையும் ஒரு தடுமாற்றமுமின்றிச் சொல்லிவிட்டு அவள் அடுத்த சொல்லுக்குப் போனாள். அவள் எந்தச் சமூகத்துப் பிள்ளை என்பது எனக்குத் தெரியும். அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் தடுக்கவுமில்லை. போட்டி முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் வந்து, “சார், அது இங்கிலீஷ் வார்த்தையா, நம்ம வார்த்தையா?” என்று கேட்டாள். “இங்கிலீஷ் வார்த்தைதாம்மா” என்றேன்.

அது பொய் என்பதை அறிந்தே சொன்னேன். அந்தப் பொய்யைச் சொல்லும்படி என்னை ஆளாக்கியது நான் தொகுத்த பட்டியல்தான் என்பதை உணர எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. சொல்லை அதன் ஊரிலிருந்தும் உறவினின்றும் வெட்டியெடுத்து, எதிரே ஒரு பொருளை ஒட்டிப் பிள்ளைகளின் நாவில் ஏற்றும் இம்முறை கல்வியே அன்று என்பதே என் வாதம். இன்று நம் வீடுகளில், தனிப்பயிற்சி நிலையங்களில், விடுமுறை முகாம்களில் இதுவே ஆங்கில அறிவு எனப் போற்றப்படுகிறது.

முதலில் எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். கோட்டைக்கு வெளியே வணிகரும் கைவினைஞரும் கூடி வாழும் பகுதியைக் குறிக்கும் ‘பேட்டை’ என்னும் சொல், ‘பெட்டா’ என்ற வடிவில் ஆங்கில அகராதிகளில் நெடுங்காலமாக இடம் பெற்றிருக்கிறது. கொழும்பில் தமிழர்கள் புறக்கோட்டை என வழங்கும் கடைத்தெருப் பகுதிக்கு ஆங்கிலத்தில் இன்றும் அதுவே பெயர். தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னல், யூல் என்பவரோடு சேர்ந்து தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்னும் அகராதியைப் புரட்டினால், கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கிலேயராய் வேடமிட்டு நிற்பதைக் காணலாம். எங்கள் பேட்டையும் அங்கே நிற்கிறது. இவ்வூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதை நான் சொல்லியிருக்கிறேன்? ஒருவருக்கும் சொன்னதில்லை. பட்டியலில் அதற்கு இடமில்லை.

அந்த வரிசையில்தான் ‘பரையா’வும் வருகிறது. பறை என்னும் இசைக்கருவியோடு இணைத்துப் பொருள் கூறப்படும் ஒரு குடிப்பெயர் அது. புறநானூற்றின் 335-ஆம் பாடல் சிறப்புடைய நான்கு குடிகளைச் சொல்லி, அவற்றுள் ஒன்றாக இப்பெயரை நிறுத்துகிறது. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் நூல்களில் ஏறிய இச்சொல், காலப்போக்கில் எவராலும் தீண்டப்படாத எவரையும் எதனையும் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. இன்றும் ஆங்கில நாளேடுகள் உலக அரங்கில் தனித்து விடப்பட்ட நாடுகளை இச்சொல்லாலேயே சுட்டுகின்றன. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்புச் சட்டம் 1950-இல் நடைமுறைக்கு வந்தது. ஆங்கில அகராதிக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை போலும்! ஒரு மக்களின் பெயரை இழிவின் பெயராக்கிய வரலாறு முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிக் கிடக்கிறது. அதை ஒரு வகுப்பில் முக்கால் மணி நேரம் எடுத்துச் சொல்லியிருந்தால் அச்சிறுமி ஒரு சொல்லைக் கற்றிருப்பாள். உடனிருந்த மற்றப் பிள்ளைகளோ அதைவிட மிகுதியாகக் கற்றிருப்பார்கள். நான் செய்தது என்ன? அவள் வாயாலேயே அவளை ஒதுக்கச் செய்து, அதற்கு மதிப்பெண்ணும் இட்டேன்.

இச்சொல் ஒரு விதிவிலக்கு என்று எண்ணிவிட வேண்டாம். என் கையேட்டிலேயே ‘வெர்னாகுலர்’ இருந்தது. பொருள் ‘தாய்மொழி’ என எழுதியிருந்தேன். இலத்தீனில் ‘வெர்னா’ என்றால் எசமானன் வீட்டிலேயே பிறந்த அடிமை. 1878-இல் லிட்டன் பிரபு இந்திய மொழி இதழ்களின் வாயை அடைக்கக் கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலும் இச்சொல்லே அமர்ந்திருந்தது. ‘டன்ஸ்’ என்பதற்கு ‘மந்தபுத்தியுள்ளவன்’ என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். அது, அமல உற்பவக் கோட்பாட்டுக்காக வாதிட்ட டன்ஸ் ஸ்கோட்டஸ் என்னும் பிரான்சிஸ்கன் அறிஞரின் பெயர். அவரை எதிர்த்த புதுக்கல்வியாளர்கள் பதினாறாம் நூற்றாண்டில் அவருடைய சீடர்களை ஏளனம் செய்யக் கைக்கொண்ட சொல் இப்படி முடிந்தது. 1993-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். நம் பிள்ளைகளோ அவர் பெயரை மக்குக்குப் பொருளாக மனனம் செய்கிறார்கள். ‘மாட்லின்’ என்றால் அளவுக்கு மீறிக் கண்ணீர் உகுப்பது. அது மகதலா மரியாவின் பெயர். ‘ஜெசூயிட்டிக்கல்’ என்றால் சூதுவாது நிறைந்தது. நமக்குச் சதுரகராதி தந்த வீரமாமுனிவரின் சபைப் பெயர். ‘பரோக்கியல்’ என்றால் குறுகிய நோக்குடையது. பங்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. (இந்தக் கடைசிச் சொல்லில் ஆங்கிலேயர் முற்றிலும் தவறு செய்தனர் என்று, சில பங்குப் பேரவைக் கூட்டங்களில் அமர்ந்திருந்த அனுபவத்தால், என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.) ஒரு சொல்லை யார், எந்தச் சண்டையில், யாருக்கெதிராகத் தீட்டினார்கள் என்பதை அறியாமல் அதை நம் பிள்ளைகளின் கையில் கொடுப்பது முறையா?

அவ்வாறாயின் ஏன் இப்பட்டியல்களை விடாப்பிடியாகப் பற்றியிருக்கிறோம்? விடை விவிலியத்திலேயே இருக்கிறது. நீதித் தலைவர்கள் நூலின் 12-ஆம் அதிகாரத்தில், இப்தாவின் தலைமையில் கிலயாதியர் யோர்தானின் துறைகளைக் கைப்பற்றிக்கொண்டு, தப்பியோடி வரும் எப்ராயிமியர் ஒவ்வொருவரையும் மறித்து ‘ஷிபோலத்து’ என்று சொல்லச் சொல்கின்றனர். அவர்கள் நாவுக்கு அது வராமல் ‘சிபோலத்து’ என்பர். உடனே பிடித்துக் கொல்லப்படுவர். அப்படி மடிந்தோர் 42,000 பேர். கேட்டவர்களுக்குத் தானியக் கதிரைக் குறிக்கும் அச்சொல்லின் பொருளைப் பற்றி எக்கவலையும் இல்லை. சொல்பவன் நம்மவனா அயலானா என்பது ஒன்றே அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. (‘ஷ’ என்னும் ஒலிக்கு எழுத்தைக் கடன் வாங்கிய தமிழர் அத்துறையில் நின்றிருந்தால் நம் கதியும் அதுவே!) ஆங்கில அகராதியில் ‘ஷிபோலத்’ இன்றும் ஓர் அருஞ்சொல். என் கையேட்டிலும் இருந்தது; ‘அடையாளச் சொல்’ என்று பொருள் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

நம் பட்டியல்களின் முந்நூறு சொற்களும் முந்நூறு ஷிபோலத்துகளே. பிள்ளை அவற்றைக் கொண்டு ஒரு நூலைப் படிக்க வேண்டும், ஒரு கருத்தை எழுத வேண்டும் என்று பெற்றோர் எதிர்பார்ப்பதில்லை. விருந்தினர் முன் சொல்ல வேண்டும், நேர்முகத் தேர்வில் வீச வேண்டும். கத்தோலிக்கரும் முன்சீபாக இருந்தவருமான மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1879-இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில், தமிழ்க் கட்சிக்காரனுக்காகத் தமிழ் வழக்கறிஞர் தமிழ் நீதிபதியின் முன் ஆங்கிலத்தில் வாதிடும் கூத்தை எள்ளி நகையாடினார். அந்த ஆங்கிலம் புரிய வைப்பதற்காகப் பேசப்பட்டதன்று. புரியாதவனைப் புறத்தே நிறுத்துவதற்காகப் பேசப்பட்டது. துறையில் மறிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். அச்சொல்லைப் பழகித் தப்பிக்க விரும்புவதை நான் குறை கூறேன். ஆனால் தப்பியபின் நாமும் துறைக்காவலராய் நின்றுவிடுகிறோமே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

துறைக்காவல் செய்தவர்களே அதைக் கைவிட்டு வருகின்றனர் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழக மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வுக்காக, பேரன்ஸ் வழிகாட்டி நூலின் 3,500 சொற்பட்டியலைப் பொறியியல் மாணவர்கள் ஒரு தலைமுறைக் காலம் இரவு பகலாக உருப்போட்டனர். 2011-இல் அத்தேர்விலிருந்து எதிர்ச்சொல் வினாக்களும் சொல்லுறவு வினாக்களும் நீக்கப்பட்டன. பள்ளி மாணவருக்கான சேட் தேர்வு 2005-இல் சொல்லுறவு வினாக்களையும், 2016-இல் அரிய சொற்களைத் தனியே கேட்கும் வினாக்களையும் விலக்கியது. ஒரு பத்தியைக் கொடுத்து, அதில் ஒரு சொல் என்ன பொருளில் நிற்கிறது என்றே இப்போது கேட்கிறார்கள். நாமோ அவர்கள் எறிந்துவிட்ட பட்டியலை எடுத்துத் துடைத்து மேடையில் ஏற்றுகிறோம்.

“நம் முன்னோரும் மனனம்தானே செய்தார்கள்? நிகண்டு வேறென்ன?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்தது உண்மையே. ஆனால் நிகண்டு செய்யுளில் இருந்தது. ஓசை நினைவைத் தாங்கியது. மேலும் அது சொற்களைக் குடும்பம் குடும்பமாக வைத்தது: தேவர் ஓரிடம், மக்கள் ஓரிடம், விலங்கு ஓரிடம், மரம் ஓரிடம் எனப் பன்னிரு தொகுதி. ஒரு சொல் பல பொருள் தருவதற்கென்றே தனியாக ஒரு தொகுதி, பதினோராவது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்னும் மூடநம்பிக்கை நிகண்டுக்காரரிடம் இருந்ததில்லை. அப்படியிருந்தும் அம்முறை போதாது என்று கண்டவர் ஒருவர் உண்டு. இத்தாலியில் பிறந்து, நம் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியிலும் பணியாற்றிய வீரமாமுனிவர், 1732-இல் சதுரகராதியை இயற்றினார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதி. சொற்கள் அகர வரிசையில். அதன் சிறப்பை இலக்கிய வரலாற்று நூல்கள் ஒரு வரியில் சொல்லிவிடுகின்றன. எண்ணிப் பார்த்தால் அது ஒரு விடுதலை. முழு நூலையும் நெஞ்சில் சுமந்தவனுக்கு மட்டுமே திறந்த கதவு, தேடத் தெரிந்த எவனுக்கும் திறந்தது. மனனச் சுமையை இறக்கி வைக்கவே அகராதி பிறந்தது. அந்த அகராதியைத் துண்டாக்கி மறுபடியும் மனனச் சுமையாக்கி, அதுவும் செய்யுளின் ஓசையும் தொகுதியின் ஒழுங்கும் இன்றி, பிள்ளைகளின் தலையில் ஏற்றியிருக்கிறோம். அவருக்கும் முன்னே, தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் வாழ்ந்து, பரதவ மக்களிடமே தமிழ் கேட்டுக் கற்று, அதன் இலக்கணத்தைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதினார் அண்டிரிக் அடிகளார். அவருக்கு யாரும் முந்நூறு சொற்பட்டியல் கொடுக்கவில்லை.

சொல் எப்படி ஒருவனுடையதாகிறது என்பதை நான் கற்றுக்கொண்டது, எங்கள் ஊர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவில் பயின்ற ஓர் இளைஞனிடம். ஆங்கிலத்தில் இருமுறை தோற்றவன். என் கையேட்டைப் புரட்டியவன், ‘டாலரன்ஸ்’ என்ற சொல்லுக்கு எதிரே ‘சகிப்புத்தன்மை’ என்றிருந்ததைக் கண்டு, “இது எனக்குத் தெரியும் சார், ஆனா வேற அர்த்தம்” என்றான். பிறகு விளக்கினான். வரைபடத்தில் ஒரு தண்டின் குறுக்களவு இருபத்தைந்து மில்லிமீட்டர் என்றிருக்கும். உலகில் எந்தக் கையும் எந்த எந்திரமும் அதைத் துல்லியமாக இருபத்தைந்தாகக் கடைந்துவிட முடியாது. ஆகவே, இத்தனை நுண்ணளவு கூடினாலும் குறைந்தாலும் ஏற்கலாம் என்று ஓர் எல்லை வகுத்திருப்பார்கள்; அதற்குள் இருந்தால் பொருள் தேறும், மீறினால் கழிவு. அந்த எல்லைதான் டாலரன்ஸ். மைக்ரோமீட்டரைப் பிடித்திருப்பதுபோல் விரல்களை வைத்துக்கொண்டே சொன்னான். முழுமையை எவரிடமும் எதிர்பார்க்க இயலாது என்ற ஒப்புதலும், ஆயினும் எல்லை ஒன்று உண்டு என்ற உறுதியும் அச்சொல்லில் ஒருங்கே இருப்பதை, அதுவரை ‘சகிப்புத்தன்மை’ என்று மட்டும் கற்பித்துவந்த ஆங்கில ஆசிரியன் அன்று உணர்ந்தேன். இந்த இளைஞனைத்தான் நாம் ஆங்கிலம் அறியாதவன் என்று கூறி வந்திருக்கிறோம்.

“பட்டறையில் கற்கும் சொல் சரி, பட்டறை இல்லாத சொற்களுக்கு என்ன செய்வது?” எனலாம். அதற்கும் ஒரு பட்டறை நம்மிடம் இருந்தது. ஆங்கிலத்தின் கடினச் சொற்களிற் பெரும்பாலானவை இலத்தீனிலிருந்தோ கிரேக்கத்திலிருந்தோ வந்தவை. 1963-இல் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டுச் சாசனத்தை வெளியிட்டு, அதன்பின் நம் கோயில்களில் தமிழ்த் திருப்பலி வரும்வரை, இலத்தீன் நம் காதுகளில் நாள்தோறும் விழுந்தது. பீடச் சிறுவனாக நானும் பொருளறியாமல் ஒப்பித்தவன்தான். என் பாட்டிக்கு ஓர் ஆங்கிலச் சொல்லும் தெரியாது. ஆனால் ‘கிரேதோ’ என்றால் விசுவாசப் பிரமாணம், ‘மேயா குல்பா’ என்றால் மார்பில் அறைந்துகொள்ள வேண்டும், ‘கோர்தா’ என்றால் இருதயங்கள் என்பது தெரியும். அந்தக் கிரேதோவைப் பிடித்தால் கிரெடிபிள், கிரெடுலஸ், கிரெடென்ஷியல் மூன்றும் கைக்கு வந்துவிடும். குல்பாவிலிருந்து கல்பபிள். கோர்தாவின் வேரிலிருந்து கார்டியல், கன்கார்ட், டிஸ்கார்ட்: நெஞ்சார்ந்தது, நெஞ்சொத்தது, நெஞ்சு பிரிந்தது. பாவங்களைக் குறிக்கும் ‘பெக்காத்தா’வின் உறவாக ஸ்பானிய மொழி வழியே வந்த ‘பெக்கடில்லோ’ ஒரு குட்டிப் பாவம்! உலகத்தைக் குறிக்கும் ‘முந்தி’யிலிருந்து உலகியல் சார்ந்த மண்டேன். ஒளியாகிய ‘லூக்ஸ்’ இருக்குமிடத்தில் தெளிவாகிய லூசிட். அப்பத்தைக் குறிக்கும் ‘பானிஸ்’ அறிந்தவனுக்குக் ‘கம்பேனியன்’ என்பது அப்பத்தைப் பகிர்ந்து உண்பவன் என்பது தானே விளங்கும். நற்கருணைப் பந்தியில் அமர்பவர்க்கு இதைவிட எளிதாக எந்த அருஞ்சொல் நெஞ்சில் நிற்கும்? இலத்தீன் திருப்பலி திரும்ப வேண்டும் என்று நான் வாதிடவில்லை. தாய்மொழியில் வழிபடக் கிடைத்ததை அருளாகவே கருதுகிறேன். வீட்டில் கிடந்த திறவுகோலை மறந்துவிட்டுப் பூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பதே என் ஆதங்கம். நார்மன் லூயிஸ் 1949-இல் எழுதி, நம் ஊர்ச் சாலையோரக் கடைகளிலும் விற்கும் ‘வேர்ட் பவர் மேட் ஈசி’ என்னும் நூலும் இவ்வாறு வேரிலிருந்தே தொடங்குகிறது. அதை வாங்கியவர்களோ, வேரை விட்டுவிட்டுச் சொல்லையும் பொருளையும் மட்டும் நோட்டில் பெயர்த்தெழுதுகிறார்கள். நானும் என் கையேட்டை அப்படித்தான் ‘தொகுத்தேன்’.

வங்கித் தேர்வும் பிற போட்டித் தேர்வுகளும் இன்னும் ஒருபொருட் சொல்லும் எதிர்ச்சொல்லும் கேட்கின்றனவே, பிள்ளைகளின் பிழைப்பு என்னாவது என்று கேட்கும் பெற்றோரை நான் இகழவில்லை. அத்தேர்வுகளுக்கு அணியமாக வேண்டியவன் அணியமாகட்டும்; வேரறிந்தவனுக்கு அதுவும் எளிது. ஆனால் எட்டாம் வகுப்புச் சிறுமிக்கு வங்கித் தேர்வு எங்கே இருக்கிறது?

இவ்வாண்டுக் கையேட்டில் நாற்பது சொற்கள்தாம் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். பேட்டை முதலாவது. பெற்றோர் சிலர் “முந்நூறு நாற்பதாகிவிட்டதே” என்று வருந்தி, வேறு வகுப்புக்குப் பிள்ளைகளை மாற்றிவிட்டனர். ‘பரையா’வுக்கு இரண்டு பக்கம் எழுதினேன், ஐந்து முறை அடித்தெழுதினேன். அச்சுக்குக் கொடுக்குமுன் அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போய், அன்று நான் சொன்னது தவறு, அது நம் சொல்தான் என்று சொல்லி, எழுதியதைப் படிக்கக் கொடுத்தேன். திண்ணையில் அமர்ந்து இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்து முடித்துவிட்டு, தாளை மடித்து என்னிடம் நீட்டினாள்.

“தெரியும் சார். அன்னைக்கு ராத்திரியே தாத்தாட்ட கேட்டுட்டேன்.”